ஒரு கம்ப்யூட்டர், இரண்டு இருக்கை

சேலம் அம்மாபேட்டையில் தறிக்கூடமோ வெள்ளிப் பட்டறையோ நடத்துகிறவருக்குக் கணக்கு, பில், ஜிஎஸ்டி என எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் வேண்டும். ஆளுக்கொன்று வாங்கத்தான் வேண்டுமா?

காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்றால் செலவே இல்லை. விண்டோஸில் தனித்தனிப் பயனர் கணக்கு, தனித்தனிக் கடவுச்சொல் போதும். பலரும் இதைக்கூடச் செய்யாமல் ஒரே கணக்கில் புழங்கி, கோப்புகளைக் கலந்துவிடுகிறார்கள்.

ஒரே நேரத்தில் இருவர் உட்கார வேண்டுமா? சாதாரண விண்டோஸ் இதற்கு இடம்தராது. லினக்ஸில் 'மல்டிசீட்' வசதி உண்டு. டெஸ்க்டாப்பில் இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டு செருகி, கூடுதலாக மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுஎஸ்பி ஹப் வாங்கினால் ஒரு சிபியு இரு இருக்கையாகிவிடும். ராம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது, எஸ்எஸ்டி அவசியம். யுஎஸ்பி 2.0 ஒயர் 5 மீட்டருக்குள் இருக்கட்டும்.

இது புது வித்தையல்ல. ஆந்திராவில் 2008 வாக்கில் ஏறத்தாழ 5,000 அரசுப் பள்ளிகளில் ஒரே கம்ப்யூட்டரைப் பல மாணவர்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்த ஏற்பாடு செய்தார்கள்.

கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவதென்றால், லினக்ஸில் ஓட்ட வழியுண்டா என்று முதலில் விற்றவரிடம் கேளுங்கள். சேலை டிசைன் போடுவதற்கு இந்த ஏற்பாடு வேண்டாம், இழுத்துக்கொண்டு நிற்கும். ஒரு சிபியு பழுதானால் இரண்டு பேர் வேலையும் நின்றுபோகும். ஆகவே நல்ல யுபிஎஸ் ஒன்றும், தினமும் பேக்கப் எடுக்க வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றும் சேர்த்தே வாங்குங்கள்.