சிலுவையாற்று எல்லை வழக்கு

உடன்படிக்கையின் சொற்கள் எத்துணைத் தெளிவாயிருப்பினும், அவை குறிக்கும் பொருள் நிலத்தில் யாது என்பது ஐயத்திற்கிடமாயின், சமாதானம் உறுதிபெறாது. சரித்திரத்தில் இதற்குச் சான்றாயமைந்த வழக்கொன்றை ஈண்டு ஆராய்வோம்.

1783-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் பாரிஸ் நகரில் முடிவான உடன்படிக்கையால், இங்கிலாந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது. கிழக்கெல்லை செயின்ட் குரோய் ஆற்றின் நடுவே, முகத்துவாரம் முதல் ஊற்றுவரை செல்லும் என அதில் வரையப்பட்டது. பிரெஞ்சு மொழியில் அப்பெயருக்குப் பரிசுத்த சிலுவை என்பது பொருள். ஆனால் பசமக்வாடி குடாவில் விழும் ஆறுகளுள் அப்பெயருக்குரியது எது என்பதில் வழக்கு மூண்டது. கிழக்கிலுள்ள மாகாகுவாடவிக் என்றனர் அமெரிக்கர். மேற்கிலுள்ள ஸ்கூடிக் என்றனர் ஆங்கிலேயர்.

இவ்விரண்டற்கும் இடையே செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊர் இருந்தது. யுத்தத்தில் ஆங்கிலேய அரசர் பக்கம் நின்றோர் பலர், மேற்கே பெனாப்ஸ்காட் ஆறே எல்லையாகும் என நம்பி அங்கே குடியிருந்தனர். அந்நம்பிக்கை பொய்க்கவே, தம் வீடுகளுட் சிலவற்றைப் பிரித்துக் கப்பலேற்றிக் கொணர்ந்து இவ்வூரில் மீண்டும் நாட்டினர். மாகாகுவாடவிக்கே எல்லையெனத் தீர்ப்பாயின், அவர்கள் இரண்டாமுறையும் குடிபெயர நேரிடலாம்.

1794-ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி மூன்று ஆணையாளர் அமர்ந்தனர். இங்கிலாந்து தாமஸ் பார்க்கிளேயையும், அமெரிக்கா டேவிட் ஹோவெலையும் நியமித்தன. அவ்விருவரும் கூடி, எக்பர்ட் பென்சன் என்னும் அமெரிக்க நியாயவாதியை மூன்றாமவராகத் தேர்ந்தனர். சாட்சியங்களின்படியே பட்சபாதமின்றித் தீர்ப்பதாக மூவரும் பிரமாணம் செய்தனர்.

உடன்படிக்கை செய்தோரின் சாட்சியம் முதலில் நோக்கத்தக்கது. பெஞ்சமின் பிராங்கிளின், 1790-இல் தாம் இறப்பதற்குச் சில நாள் முன்னர் எழுதிய கடிதத்தில், பாரிஸில் தாங்கள் கையாண்டது மிச்செல் என்பார் 1755-இல் வெளியிட்ட தேசப்படமே என்றார். 1797-இல் குடியரசுத் தலைவராயிருந்த ஜான் ஆடம்ஸும் பிரமாணத்தின்பேரில் அவ்வாறே உரைத்தார். படத்தில் செயின்ட் குரோய் எனக் குறித்த ஆற்றையே தாங்கள் கருதியதாக அவர் சொன்னார். ஆயினும் படத்தின் ஆறு நிலத்தில் எது என்பதை அவர்தம் சாட்சியம் காட்டவில்லை.

அந்நிலத்தின் பூர்வகுடிகளோ, 1764-ஆம் ஆண்டிலேயே அளவையாளர்க்கு மாகாகுவாடவிக்கைக் காட்டியிருந்தனர். அமெரிக்கர் இதனைப் பெரிதும் நம்பினர்.

வழக்கைத் துணிந்தது வேறொரு சான்று. 1604-இல் தெ மோன் என்னும் பிரெஞ்சுப் பிரபு ஆற்றிடைத் தீவொன்றிற் குடியேறினார். தீவிற்கு மேலே கிளையாறுகள் கூடுமிடம் சிலுவைபோல் தோன்றியதே பெயர்க்காரணம். அவரோடிருந்த 79 பேருள் 35 பேர் அக்கொடிய குளிர்காலத்தில் மாண்டனர். எஞ்சியோர் மறு ஆண்டு அகன்றனர். உடனிருந்த சாம்ப்ளேன் அக்குடியிருப்பைப் படமாக வரைந்து வைத்திருந்தார். ஆங்கிலேயர் தரப்பு முகவர் வார்டு சிப்மன் அப்படத்தைத் தேடிப் பெற்றார். 1797-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் வணிகர் ராபர்ட் பேகன், ஸ்கூடிக் ஆற்றிலுள்ள தீவில் அகழ்ந்தபோது, கட்டடங்களின் கல் அடித்தளங்கள் வெளிப்பட்டன. அவை படத்தோடு பொருந்தின.

1798 அக்டோபர் 25-ஆம் நாள், ஸ்கூடிக்கே செயின்ட் குரோய் என ஆணையாளர் மூவரும் ஒருமனமாய் அறிவித்தனர். மூவருள் இருவர் அமெரிக்கர் என்பதை நாம் மறக்கலாகாது. எனினும் ஊற்றைப்பற்றி ஆங்கிலேயர் கோரிய மேற்குக்கிளையை விடுத்து, வடக்கே செல்லும் சிபுட்நெட்டிகுக் கிளையையே எல்லையாகக் கொண்டனர். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரார் தம் வீடுகளை மறுமுறை பிரிக்க நேரவில்லை. ஆனால் எல்லைக்கோடு பசமக்வாடி மக்களின் தாயகத்தை இரண்டாக்கியது. அகழப்பெற்ற தீவோ இன்று அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்தது.

தாம் அறிந்த அளவிற்கே சாட்சி சொன்னார் ஆடம்ஸ். தம் நாட்டின் கோரிக்கைக்கு மாறாயினும் சான்றின்வழி நின்றனர் ஹோவெலும் பென்சனும். மையால் வரைந்த எல்லை சமாதானமாக நிலைத்தது இவ்விரு பண்புகளாலேயே எனத் துணிகின்றோம். கல்வி கற்கும் நாமும் இவற்றைக் கைக்கொள்வோமாக.