சர்வர் ஐபி மோதுகிறதா? ரீஸ்டார்ட் பட்டனிலிருந்து கையை எடுங்கள்

"அண்ணே, சர்வர் வருது, போகுது. பில் போட முடியலை." மேகமலை எஸ்டேட் ஆபீஸிலிருந்து இப்படி போன் வந்தால் நான் முதலில் கேட்பது, "ராத்திரி இடி இடிச்சுதா? ரவுட்டர் மாத்துனீங்களா?" பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். பழைய ரவுட்டர் மின்னலில் போயிருக்கும். யாராவது கீழே சின்னமனூரில் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டியிருப்பார்கள். இன்டர்நெட் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள்.

சிக்கல் தொடங்குவது அங்கேதான். சர்வருக்கு 192.168.1.10 என்ற ஐபி முகவரியைக் கையால் போட்டு, அதை வேறு யாருக்கும் கொடுக்காதே என்று பழைய ரவுட்டரில் சொல்லி வைத்திருந்திருப்பார்கள். புதியதற்கு அது தெரியாது. பெட்டியிலிருந்து எடுத்த ரவுட்டர்கள் பல, 2 முதல் 254 வரை எந்த எண்ணையும் கேட்பவருக்குத் தூக்கிக் கொடுக்கும். கொடுக்கும் முன் 'பிங்' அடித்துப் பார்க்கும் ரவுட்டரும் உண்டு. ஆனால் விண்டோஸ் ஃபயர்வால் வழக்கமாக பிங்குக்குப் பதில் சொல்லாது. பதில் இல்லையென்றால் இடம் காலி என்று ரவுட்டர் முடிவுகட்டி, சர்வரின் எண்ணை ஒரு கிளார்க்கின் போனுக்குக் கொடுத்துவிடும்.

ஆள் வந்து பார்க்க வேண்டுமென்றால் 18 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். அதுவரை பில்லிங்கை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. கமாண்ட் பிராம்ப்ட் திறக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் போதும்.

முதல் வேலை, சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமல் இருப்பது. விண்டோஸ் எழும்போது, தனக்குக் கொடுத்த முகவரி வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும். இருந்தால் தானே ஒதுங்கி, 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும். அதாவது பிந்தி எழுந்தவருக்கு இடமில்லை. விட்டு விட்டாவது ஓடிக்கொண்டிருந்த சர்வர், ரீஸ்டார்ட் செய்தால் ஒரேயடியாகக் காணாமல் போகலாம். சர்வரின் ஐபியை மாற்றிவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஒவ்வொரு கணினியிலும் பில்லிங் மென்பொருளும் பிரிண்டர் பங்கீடும் பழைய எண்ணைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

அடுத்து, மோதல்தானா என்று உறுதி செய்யுங்கள். சர்வரில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' அடியுங்கள். முகவரிக்குப் பக்கத்தில் 'டூப்ளிகேட்' என்று இருந்தாலோ, 169.254 தெரிந்தாலோ சந்தேகமே வேண்டாம். அதே திரையில் 'பிசிகல் அட்ரஸ்' என்று இருப்பதுதான் சர்வரின் மேக் முகவரி. அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து 4199 என்ற எண்ணைத் தேடுங்கள். இருந்தால் அதிர்ஷ்டம்: மோதிய எதிராளியின் மேக் முகவரியையே அது எழுதி வைத்திருக்கும். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4199 இல்லையென்றால் என்ன செய்வது? இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பிங் அடிக்கிறார்கள், பதில் வருகிறது, 'சர்வர் நல்லாத்தான் இருக்கு' என்கிறார்கள். பதில் சொன்னது யார் என்று பார்ப்பதில்லை. வராவிட்டால் 'யாருமே இல்லை' என்கிறார்கள். ஃபயர்வால் வாயை மூடியிருக்கலாம் என்று யோசிப்பதில்லை.

நம்ப வேண்டியது ஏஆர்பி-யை. 1982-இல் டேவிட் பிளம்மர் எழுதி வைத்த முறை அது. 'இந்த ஐபி யாருடையது?' என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்டால், உரியவர் தன் மேக் முகவரியைச் சொல்வார். பிங்குக்கு ஃபயர்வால் பதில் சொல்லாவிட்டாலும் இந்தக் கேள்விக்குப் பதில் வந்தே தீரும். பதில் சொல்பவர் உண்மையான சொந்தக்காரர்தானா என்று மட்டும் யாரும் சரிபார்ப்பதில்லை. இரண்டு பேர் சொன்னால், கடைசியாக வந்த பதில் பெரும்பாலும் நிற்கும். பில்லிங் வருவதும் போவதும் இதனால்தான். முகவரியை எடுக்கும் முன் கேட்டுப் பார்க்க வேண்டும் என்ற விதிமுறையை ஸ்டூவர்ட் செஷயர் 2008-இல் எழுதினார். எல்லா டிவிஆரும் பிரிண்டரும் அதைக் கடைப்பிடிப்பதாக நினைக்காதீர்கள்.

செய்முறை இது. எல்லோரையும் வேலையைச் சேமித்துவிட்டு வெளியே வரச் சொல்லுங்கள். சர்வரின் நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள். சர்வரை அணைக்க வேண்டாம், வயர் மட்டும். இன்னொரு கணினியில் கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து 'ஏஆர்பி -டி' அடித்து அதன்பின் சர்வரின் ஐபியைப் போடுங்கள். பழைய நினைவு அழியும். இதை விட்டுவிட்டால் மேலே செய்தது அத்தனையும் வீண். பழைய பதிலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அடுத்து அந்த ஐபிக்கு பிங். பதில் வருகிறதா இல்லையா என்பது நமக்கு வேண்டாம். உடனே 'ஏஆர்பி -ஏ'. வயரே இல்லாத சர்வரின் ஐபிக்கு எதிரே ஒரு மேக் முகவரி தெரிந்தால், அதுதான் நம் ஆள். தெரியவில்லையென்றால் அந்த ஆள் இப்போது நெட்வொர்க்கில் இல்லை. போனாக இருந்தால் அது வீட்டுக்குப் போயிருக்கும். காலையில் எல்லோரும் வந்த பிறகு மறுபடி பாருங்கள். லினக்ஸ் சர்வர் என்றால் வயரைப் பிடுங்காமலே, சர்வரிலேயே 'ஏஆர்பிங்' கட்டளையைப் பெரிய எழுத்து 'டி'யோடு ஓட்டலாம்.

மேக் கிடைத்தது. யாருடையது? இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றா என்று பாருங்கள். ஆம் என்றால் பெரும்பாலும் அது போன். ஆண்ட்ராய்ட் 10-லிருந்தும் ஐபோனில் ஐஓஎஸ் 14-லிருந்தும் வைஃபைக்குப் பொய் மேக் கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. மற்றபடி முதல் ஆறு எழுத்துகள் தயாரிப்பாளரைச் சொல்லும். இணையத்தில் தேடினால் கிடைக்கும். 00-50-56 என்றால் விஎம்வேர், 08-00-27 என்றால் விர்ச்சுவல்பாக்ஸ். யாரோ சோதனைக்காக ஒரு மெய்நிகர் கணினியை ஓட்டிவிட்டு மறந்திருக்கிறார்கள்.

பிறகு ரவுட்டரின் கிளையன்ட் பட்டியலைப் பாருங்கள். அந்த மேக் அதில் இருந்தால் எண்ணைக் கொடுத்தது ரவுட்டர். இல்லையென்றால் பெரும்பாலும் கையால் போட்ட முகவரி. கேமரா, டிவிஆர், பிரிண்டர் பக்கம் போங்கள். ஹிக்விஷன் கருவிகள் 192.168.1.64 என்றும், டாஹுவா 192.168.1.108 என்றும் தொழிற்சாலையிலிருந்தே முகவரி போட்டு வரும். அந்த எண்களை சர்வருக்கு ஒருபோதும் வைக்காதீர்கள். இன்னும் பிடிபடவில்லையா? சர்வர் வயர் வெளியிலேயே இருக்கட்டும். ஸ்விட்சிலிருந்து ஃபேக்டரிக்குப் போகும் வயர், எடைமேடைக்குப் போகும் வயர், பங்களாவுக்குப் போகும் வயர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் அழி, பிங், பார். எந்த வயரைக் கழற்றியதும் மேக் மறைகிறதோ, ஆள் அந்தப் பக்கம்.

பங்களா வயர் என்றால் அங்கே இன்னொரு வைஃபை ரவுட்டர் இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் தன் பங்குக்கு முகவரி விநியோகம் செய்துகொண்டிருக்கும். கணினிகளில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' அடித்தால், முகவரி கொடுத்தது யார் என்று சொல்லும் 'டிஹெச்சிபி சர்வர்' என்ற வரி வரும். அது எல்லாக் கணினியிலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது ரவுட்டரில் டிஹெச்சிபி-யை அணைத்து, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, வயரை லேன் துளையில் செருகுங்கள்.

நிரந்தரத் தீர்வுக்கு என் விதி ஒன்றுதான்: ரவுட்டர் கொடுக்கும் எல்லையை 100 முதல் 200 வரை சுருக்கி, சர்வருக்கு 10, பிரிண்டர்களுக்கு 20-களில், கேமராக்களுக்கு 30-களில் கையால் போடுங்கள். ரவுட்டரிலேயே ரிசர்வேஷன் போடலாமே என்பார்கள். அடுத்த மின்னலில் ரவுட்டரோடு அதுவும் போய்விடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லை எண்களை ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். புதிது மாட்டுகிறவர் அதைப் பார்த்துப் போடட்டும்.

எல்லை சுருங்கினாலும் பழைய எண்ணை வாங்கிய போன் உடனே விடாது. வைஃபையை அணைத்துப் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகே சர்வர் வயரைச் செருக வேண்டும். 169.254 போகவில்லையென்றால் நெட்வொர்க் அடாப்டரை ஒருமுறை டிசேபிள் செய்து எனேபிள் செய்யுங்கள். மற்ற கணினிகளில் 'ஏஆர்பி -டி' அடித்தால் பழைய மேக் மறந்துபோகும்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் ஆள் இல்லாத நேரத்தில் சர்வரை முறைப்படி ஷட்டவுன் செய்துவிட்டு மெயினை இறக்கி, கரண்ட் போய் வந்ததுபோல எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றுங்கள். சர்வரில் 192.168.1.10 நின்று, ரவுட்டர் பட்டியலில் 100-க்குக் கீழே ஒரு எண்ணும் இல்லையென்றால் திங்கட்கிழமை தாராளமாக பில் போடலாம்.