நெடுங்காலம் தரித்து நின்ற இயந்திரப் படகிலிருந்து பழைய எரிபொருளைப் பாதுகாப்பாக அகற்றல்

பேர்கன் நகரைக் கடலும் ஃபியோர்டுகளும் சூழ்ந்துள்ளன. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் படகு புதிய பொருளன்று. யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்களுக்கும் நோர்வேக்கும் இடையிலான உறவு மீன்பிடித் தொழிலோடு தொடங்கியது. 1956 இல் நோர்வேக்கு வந்த அன்ரனி இராசேந்திரம் பின்னர் சே-நோர் அமைப்பின் வழியாக வடபகுதி மீனவர்க்குப் படகும் வலையும் கிடைக்க வழிசெய்தார். காரைநகரின் படகுத்தளம் அம்முயற்சியில் எழுந்ததே. இன்று இங்குள்ள தமிழர் சிலர் ஓய்வுநாள்களில் மீன்பிடிக்கவும் தீவுகளுக்குச் செல்லவும் பழைய படகுகளைக் குறைந்த விலைக்கு வாங்குகின்றனர்.

அவ்வாறு வாங்கப்படும் படகு பல ஆண்டுகளாகத் தோட்டத்திலோ படகுக் கொட்டகையிலோ தார்ப்பாயின்கீழ்க் கிடந்ததாயிருக்கலாம். அதன் தாங்கியில் முன்னைய உரிமையாளர் விட்டுச்சென்ற எரிபொருளும் இருக்கலாம். அதனை அகற்றுவது எளிய வேலைபோலத் தோன்றும். ஆயினும் படகைத் திருத்தும் வேலைகளுள் உயிருக்கு மிகுந்த ஆபத்து விளைவிக்கக்கூடியது இதுவே. இப்பாடம் அவ்வேலையை முறைப்படி செய்யும் வகையையும், எப்பொழுது அதனைச் செய்யாது தொழில்வல்லாரிடம் விடவேண்டும் என்பதையும் விளக்குகின்றது.

1. எரிபொருள் பழையதாகும்போது நிகழ்வது என்ன?

பெற்றோல் பல பொருள்களின் கலவை. அவற்றுள் இலேசானவை முதலில் ஆவியாகி வெளியேறுகின்றன. எஞ்சியவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து பிசின்போன்ற கசடாக மாறுகின்றன. பழைய பெற்றோல் கருமஞ்சளாகித் தளபாட மெருகெண்ணெயின் மணம் வீசுவது இதனாலேயே. இக்கசடு காபரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடும்.

நோர்வேயில் விற்கப்படும் 95 ஒக்ரேன் பெற்றோலில் 10 விழுக்காடு வரை எதனோல் கலந்திருக்கலாம். எதனோல் நீரை ஈர்க்கும் இயல்புடையது. பேர்கனில் ஆண்டொன்றுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. காற்றில் ஈரம் எப்பொழுதும் உண்டு. வெப்பநிலை ஏறி இறங்கும்போது அரைகுறையாக நிரம்பிய தாங்கியின் உட்சுவரில் நீர்த்துளிகள் படியும். நீரின் அளவு ஓர் எல்லையைத் தாண்டியதும், எதனோலும் நீரும் சேர்ந்து பெற்றோலிலிருந்து பிரிந்து அடியில் தனிப் படையாகத் தங்கும். இயந்திரத்துக்குச் செல்லும் குழாய் தாங்கியின் அடியிலிருந்தே உறிஞ்சுவதால், இயந்திரத்தை முதலில் அடைவது இந்த நீர்ப்படையாகும். டீசல் தாங்கியிலும் அடியில் நீர் சேரும். அந்நீருக்கும் டீசலுக்கும் இடையே நுண்ணுயிர்கள் வளர்ந்து கருஞ்சேறுபோல் வடிகட்டியை அடைக்கும்.

பெற்றோல் பழையதானால் எரியாது என்று சிலர் எண்ணுகின்றனர். இது தவறு. இயந்திரத்தை ஒழுங்காக இயக்கும் தகுதியை அது இழந்திருக்கலாம். தீப்பற்றும் தன்மையை இழப்பதில்லை.

2. மண்ணெண்ணெய்ப் பழக்கம் இங்கே பொருந்தாது

இலங்கையின் சிறு படகுகள் பலவற்றில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்கள் பயன்படுகின்றன. அங்கே தொழில் பழகியவர்கள் எரிபொருளைக் கையாள்வதில் தேர்ச்சி உடையவர்கள். ஆனால் அத்தேர்ச்சி பெரிதும் மண்ணெண்ணெயைச் சார்ந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமடைந்தாலன்றித் தீப்பற்றத்தக்க அளவு ஆவியைத் தருவதில்லை. பெற்றோலோ உறைநிலைக்குக் கீழ் 40 பாகையளவிலும் அத்தகைய ஆவியைத் தரும். எனவே பேர்கனின் குளிர்காலத்திலும் திறந்த பெற்றோல் தாங்கியிலிருந்து தீப்பற்றும் ஆவி வெளிவந்துகொண்டே இருக்கும். "குளிர்தானே" என்ற எண்ணம் இங்கே பாதுகாப்பளிக்காது.

இந்த ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு பாரமானது. அது மேலெழுந்து கலைந்துபோவதில்லை. படகின் அடிக்குழியிலும் நிலத்தின் பள்ளங்களிலும் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு கலந்தாலே வெடிக்கத்தக்கதாகும். ஒரு தேநீர்க் கோப்பை அளவு பெற்றோல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ இரண்டு கன மீற்றர் காற்று வெடிகலவையாக மாறும். சிறிய படகொன்றின் உட்பகுதியை நிரப்ப அது போதும்.

3. இடத்தைத் தெரிதல்

படகு கரையில், இழுவண்டிமீதோ தாங்குகட்டைகள்மீதோ உறுதியாக நிற்றல் வேண்டும். நீரில் மிதக்கும் படகில் இவ்வேலையைச் செய்யலாகாது. கொட்டகை, வாகனத் தரிப்பறை, நிலவறை ஆகியனவும் விலக்கத்தக்கன. காற்றோட்டமுள்ள திறந்த வெளியே ஏற்றது. அருகில் வடிகால் துளையோ நீரோடையோ இருத்தலாகாது. வீட்டுச் சுவர், பிற படகுகள், புகைபிடிப்போர், இறைச்சி வாட்டும் அடுப்பு, விளையாடும் சிறுவர் ஆகிய அனைத்திலிருந்தும் விலகி இருத்தல் வேண்டும்.

மரவீடுகள் நெருங்கிய இந்நகரம் தீயின் வேகத்தை நன்கறியும். 1916 ஜனவரி 15 அன்று, தார் பூசிய நார்க்கட்டுகள் இருந்த களஞ்சியத்தில் ஒரு சிறு சுடரால் மூண்ட தீ, நகரின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 380 கட்டடங்களை அழித்தது. உங்கள் படகுக்கு அடுத்து நிற்பது அயலவரின் வீடு என்பதை மறவாதீர்கள்.

4. ஆயத்தப்படுத்த வேண்டிய பொருள்கள்

• பெற்றோலுக்கென அங்கீகரிக்கப்பட்ட, இறுக மூடக்கூடிய கொள்கலன்கள். தண்ணீர்ப் போத்தல், பால் கலன், வர்ண வாளி ஆகியவை கூடா.
• எரிபொருளுக்கெனச் செய்யப்பட்ட கைப்பம்பியும் குழாயும்.
• நைத்திரைல் கையுறை, கண்ணாடிக் கவசம், பருத்தி ஆடை. செயற்கை இழைக் கம்பளிச் சட்டை நிலைமின்னை உண்டாக்கும், அதனைத் தவிர்க்க.
• எண்ணெய் உறிஞ்சும் துணி அல்லது உறிஞ்சுபொடி, மூடியுள்ள உலோக வாளி.
• 6 கிலோகிராம் தூள் தீயணைப்பான். அது கைக்கெட்டும் தூரத்தில், காற்று வீசிவரும் பக்கத்தில் இருத்தல் வேண்டும்.
• உங்களோடு இன்னொருவர். தனியே செய்யாதீர்கள்.

5. அகற்றும் முறை

முதலாம் படி: காற்றோட்டம். மூடுதுணியை நீக்கி, எல்லாக் கதவுகளையும் அடித்தட்டுப் பலகைகளையும் திறந்து, குறைந்தது அரைமணி நேரம் காற்றாட விடுக. அடிக்குழியில் பெற்றோல் மணம் இருந்தால் எந்த மின் ஆளியையும் தொடாதீர்கள்; மின்கலக் கம்பியையும் கழற்றாதீர்கள். ஒரு சிறு பொறியே போதும். இந்நிலையில் ஆறாம் பகுதியைப் பின்பற்றுக.

இரண்டாம் படி: மின்சாரத்தைத் துண்டித்தல். மணம் இல்லை என உறுதிசெய்தபின், ஆளிகள் யாவும் நிறுத்தப்பட்டுள்ளனவா எனப் பார்த்து, மின்கலத்தின் மறை முனைக் கம்பியை முதலிலும் நேர் முனைக் கம்பியைப் பின்னரும் கழற்றுக. தானியங்கு நீரிறைப்பான் வேலைக்கு நடுவே இயங்காதிருக்க இது இன்றியமையாதது. கைபேசியை அப்பால் வைக்க.

மூன்றாம் படி: எந்த எரிபொருள் என அறிதல். பெற்றோலா, டீசலா, ஈரடிப்பு இயந்திரத்துக்கு எண்ணெய் கலந்த பெற்றோலா என விற்றவரிடம் கேட்டறிக. ஒன்றோடொன்று கலவாது தனித்தனிக் கொள்கலன்களில் எடுத்தல் வேண்டும்.

நான்காம் படி: கொள்கலனை நிலத்தில் வைத்தல். கொள்கலன் படகினுள்ளோ வாகனத்தின் பின்பெட்டியிலோ இருக்கலாகாது. திரவம் குழாயில் ஓடும்போது நிலைமின்னேற்றம் உண்டாகும். கொள்கலன் நிலத்தைத் தொட்டிருந்தால் அது பாதுகாப்பாக நிலத்துக்குள் கடந்துவிடும். குழாயின் உலோக முனை கொள்கலனின் வாய் விளிம்பைத் தொட்டபடியே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: எடுத்தல். கழற்றக்கூடிய தாங்கியாயின், குழாய் இணைப்பை நீக்கித் தாங்கியை நிலத்தில் இறக்கி, கைப்பம்பியால் மெதுவாக எடுக்க. படகோடு பொருத்தப்பட்ட தாங்கியாயின், நிரப்பும் வாயின் வழியே பம்பியின் குழாயைச் செலுத்துக. கொள்கலன் தாழ்வாக இருப்பதால், ஒருமுறை ஓடத் தொடங்கிய எரிபொருள் தானாகவே தொடர்ந்து இறங்கும். நிறுத்துவதற்குக் குழாயின் மேல்முனையைத் திரவத்துக்கு வெளியே எடுக்கவேண்டும். இதனை முன்கூட்டியே அறிந்திராதவரின் கொள்கலன் வழிந்துவிடும். கொள்கலனை முழுவதும் நிரப்பாது, எரிபொருள் விரிவடைய மேலே இடம் விடுக.

வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தை முற்றாகக் கைவிடுதல் வேண்டும். ஒரு மிடறு பெற்றோல் நுரையீரலுக்குள் சென்றாலே கடும் அழற்சி உண்டாகலாம். மின் துளைப்பானில் பொருத்தும் பம்பி, தூசி உறிஞ்சும் இயந்திரம் ஆகியவற்றின் உள்ளே பொறி பறப்பதால் அவற்றை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

ஆறாம் படி: எஞ்சியதை நீக்கல். தாங்கியின் அடியிலுள்ள நீரையும் கசடையும் வேறொரு கொள்கலனில் எடுக்க. பின்னர் குழாய்கள், வடிகட்டி, காபரேற்றர்க் கிண்ணம் ஆகியவற்றில் தங்கியுள்ளதை வடிக்க. நனைந்த துணிகளை மூடியுள்ள உலோக வாளியில் இட்டு வெளியே வைக்க.

வெறுமையான தாங்கி ஆபத்து நீங்கிய தாங்கியன்று. திரவம் போனபின் அதனுள் ஆவியும் காற்றும் கலந்து நிற்பதால், நிரம்பிய தாங்கியைவிட அது எளிதில் வெடிக்கும். அதனை அறுப்பதோ உராய்வதோ காய்ச்சி ஒட்டுவதோ கூடாது.

6. அடிக்குழியில் கசிந்திருந்தால்

அடிக்குழியில் பெற்றோலோ அதன் மணமோ இருந்தால், வேலையை நிறுத்தி அனைவரையும் விலக்கி, படகைத் திறந்தபடியே காற்றாட விடுக. சிறு கசிவை மின்சாரம் இன்றி உறிஞ்சுதுணியால் எடுக்கலாம். நீரிறைப்பானை இயக்கினால் பொறி எழலாம். எரிபொருளும் வெளியே கொட்டப்படும். சவர்க்காரக் கரைசல் ஊற்றுவதும் தவறு: அது எண்ணெயை அழிப்பதில்லை, நுண்துளிகளாக்கி நீரோடு கலந்துவிடுகின்றது.

கசிவு மிகுதியானாலும், தாங்கி துருப்பிடித்திருந்தாலும், தாங்கியை அணுக இயலாதவிடத்தும், படகு நீரில் இருந்தாலும், வேலையைப் படகுத் தொழிலகத்திடம் ஒப்படைக்க. அதற்காகும் செலவு, தீக்காயத்தோடு ஒப்பிடுகையில் சிறிது.

7. எங்கே ஒப்படைப்பது?

பழைய எரிபொருள் ஆபத்தான கழிவாகும். நோர்வேஜிய மொழியில் இதனை "ஃபார்லி அவ்ஃபால்" என்பர். வீட்டாரிடமிருந்து இத்தகைய கழிவை ஏற்க ஏற்பாடு செய்வது நோர்வேயில் ஒவ்வொரு கொம்யூனின் கடமை. பேர்கன் பகுதியில் பி.ஐ.ஆர். நிறுவனத்தின் மீள்சுழற்சி நிலையங்களில் இதனை ஒப்படைக்கலாம்.

கொள்கலனின்மேல் உள்ளிருப்பதைத் தெளிவாக எழுதுக. பழைய பெற்றோல் என்பதை நோர்வேஜியத்தில் "கம்மல் பென்சீன்" என்பர். வாகனத்தில் கொள்கலனை நிமிர்த்திக் கட்டி, கண்ணாடியைச் சிறிது திறந்து, வேறெங்கும் நில்லாது நேரே செல்க. நிலையத்தில் பணியாளரிடம் நேரில் கையளிக்க. மூடிய கதவின்முன் வைத்துவிட்டு வருதல் கூடாது. கொள்கலன் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது என்பதை எதிர்பார்த்துச் செல்க. படகையே கைவிட எண்ணுவோரும் முதலில் எரிபொருள், எண்ணெய், மின்கலம் ஆகியவற்றை அகற்றல் வேண்டும்.

எரிபொருளை வடிகாலில் ஊற்றினால் நிலத்தடிக் குழாய்களில் வெடிப்பு நேரலாம். மண்ணிலோ கடலிலோ ஊற்றுவது 1981 ஆம் ஆண்டின் மாசுபடுத்தல் தடைச் சட்டத்துக்கு முரணானது. யூன் மாத சங்க்ட் ஹான்ஸ் தீமூட்டலுக்கோ இறைச்சி வாட்டும் அடுப்புக்கோ பழைய பெற்றோலைப் பயன்படுத்தினால், ஊற்றுபவரின் கையை நோக்கியே தீ பாயும்.

8. விபத்து நேர்ந்தால்

தீ மூண்டாலும், எரிபொருள் கடலிலோ நிலத்திலோ மிகுதியாகக் கொட்டினாலும் 110 ஐ அழைக்க. கடுங்காயத்துக்கு 113. பெற்றோல் தீயில் நீர் ஊற்றாதீர்கள். அது தீயைப் பரப்பும். எவரேனும் எரிபொருளை விழுங்கினால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. நச்சுத் தகவல் நிலையத்தை 22 59 13 00 என்ற எண்ணில் உடன் அழைக்க. கண்ணில் பட்டால் இளஞ்சூட்டு நீரால் நெடுநேரம் கழுவுக. எரிபொருளில் நனைந்த ஆடையைத் தீயிலிருந்து விலகி நின்று களைக. நோர்வேஜிய மொழி சரளமாக வராதவரும் அழைக்கத் தயங்க வேண்டாம். முதலில் இடத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

9. மீண்டும் இயக்குமுன்

வடிகட்டியைப் புதிதாக இடுக. வெடித்த, இறுகிய அல்லது மென்மையாகிப்போன குழாய்களை மாற்றுக. தாங்கி நன்றாகக் காற்றாடியபின் சிறிதளவு புதிய எரிபொருள் ஊற்றி, ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு உண்டா எனப் பார்க்க. அதன்பின்னரே மின்கலத்தை இணைத்தல் வேண்டும். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் கழற்றக்கூடிய தாங்கியை வெறுமையாக்கிவைத்தால், இப்பாடத்திலுள்ள வேலையை மீண்டும் செய்ய நேராது.

பயிற்சி வினாக்கள்

1. குளிர்காலத்திலும் பெற்றோல் ஆவி ஆபத்தானது ஏன்?
2. அடிக்குழியில் பெற்றோல் மணம் இருக்கும்போது மின்கலக் கம்பியைக் கழற்றலாகாது ஏன்?
3. கொள்கலனை வாகனத்தின் பின்பெட்டியில் வைத்து நிரப்புவதால் நேரும் கேடு யாது?
4. வெறுமையான தாங்கி நிரம்பிய தாங்கியைவிட ஆபத்தானது எவ்வாறு?
5. உங்கள் வீட்டுக்கு அண்மையிலுள்ள மீள்சுழற்சி நிலையம் எது? அது திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டறிந்து, எரிபொருளை எடுக்கும் நாளை அதற்கேற்பக் குறித்துக்கொள்ளுங்கள்.