கேம் டி டிரைவில், சேவ் சி டிரைவில்! ஃபால்அவுட் வழியாக ஒரு பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் கடைக்காரரோ நண்பரோ உங்களுக்கு ஓர் அறிவுரை சொல்லியிருப்பார். "முக்கியமானதை எல்லாம் டி டிரைவில் போட்டு வையுங்கள். விண்டோஸ் தகராறு செய்தால் சி டிரைவை ஃபார்மட் செய்ய வேண்டியிருக்கும்." நல்ல அறிவுரைதான். ஆனால் பாதி அறிவுரை. மீதிப் பாதியை நான் ஒரு கம்ப்யூட்டர் கேமைத் தொலைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஃபால்அவுட் 3 என்ற கேமை விளையாடினேன். அறிவுரையை மதித்து டி டிரைவில்தான் இன்ஸ்டால் செய்தேன். செமஸ்டர் லீவு முழுவதும் விளையாடியதில் 60 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. ஒரு நாள் காலையில் விண்டோஸ் பூட் ஆகவில்லை. சிபியுவைத் தூக்கிக்கொண்டு தெருமுனை சர்வீஸ் கடைக்குப் போனேன். "அண்ணே, டி டிரைவில் மட்டும் கை வைக்காதீங்க" என்று இரண்டு முறை சொன்னேன். அவரும் சொன்னபடியே சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து, விண்டோஸ் ஏற்றித் தந்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் டி டிரைவில் கேம் ஃபோல்டர் அப்படியே இருந்தது. செட்டப்பை மறுபடி ஓட்டி, கேமைத் திறந்தேன். புதிதாகத் தொடங்க மட்டுமே வழி இருந்தது. பழைய ஆட்டம் எதுவும் இல்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அப்பா கொஞ்சம் கொஞ்சமாக டைப் செய்து வைத்திருந்த வீட்டுக் கடன் கணக்கும் காணோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பழைய ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு நோட்டில் மறுபடி எழுத ஆரம்பித்தார்.

இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததால்தான் ஒன்றாகப் போயின. அந்த இடம் எது, அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதே இந்த மாதப் பாடம். கேமை வைத்தே பார்ப்போம்.

ஃபால்அவுட் என்பது என்ன?

இது ஒரு கேம் தொடர். கதை அமெரிக்காவில் நடக்கிறது. 2077 அக்டோபர் 23 அன்று அணு ஆயுதப் போர் மூண்டு உலகம் அழிந்துவிடுகிறது. சிலர் மட்டும் 'வால்ட்' எனப்படும் நிலத்தடிக் காப்பறைகளுக்குள் தப்பிக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்து அழிந்த உலகில் நடக்கும் வாழ்க்கைதான் கேமின் களம். தொடரின் முக்கிய கேம்கள் இவை.

ஃபால்அவுட் (1997): கதை நடப்பது 2161ல், தெற்கு கலிபோர்னியாவில். இன்டர்பிளே நிறுவனத்தின் வெளியீடு.

ஃபால்அவுட் 2 (1998): கதை நடப்பது 2241ல்.

ஃபால்அவுட் 3 (2008): 2277, வாஷிங்டன் நகரமும் சுற்றுப்புறமும். பெதெஸ்டா நிறுவனம் இந்தத் தொடரை வாங்கியபின் வந்த முதல் கேம். இதன் எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பை மைக்ரோசாஃப்ட் இந்தியாவில் வெளியிடவில்லை. கலாச்சார உணர்வுகளைக் காரணமாகச் சொன்னது.

ஃபால்அவுட் நியூ வேகாஸ் (2010): 2281, மொஹாவி பாலைவனம். அப்சிடியன் நிறுவனம் உருவாக்கியது.

ஃபால்அவுட் 4 (2015): 2287, பாஸ்டன் பகுதி.

ஃபால்அவுட் 76 (2018): 2102, மேற்கு வர்ஜீனியா. இன்டர்நெட் இணைப்போடு மட்டுமே விளையாட முடியும்.

முதல் இரண்டிலும் சண்டை செஸ் போல முறைவைத்து நடக்கும். நீங்கள் ஒரு முறை, எதிரி ஒரு முறை. மூன்றாவது கேமிலிருந்து அதிரடி விளையாட்டாக மாறிவிட்டது. ஓடிக்கொண்டே சுட வேண்டும். ஆனாலும் 'வேட்ஸ்' என்ற வசதி மூலம் நேரத்தை நிறுத்தி, எதிரியின் எந்தப் பாகத்தைக் குறிவைத்தால் எத்தனை சதவீத வாய்ப்பு என்று பார்த்துச் சுடலாம். நான்காவது கேமில் நேரம் நிற்காது, மெதுவாக நகரும்.

பெற்றோர் கவனத்துக்கு: இதில் ரத்தமும் வன்முறையும் அதிகம். இது பெரியவர்களுக்கான கேம்.

உங்களை எண்களாக மாற்றும் கேம்

இதை 'ரோல் பிளேயிங் கேம்' என்கிறார்கள். அதாவது நீங்கள் ஒரு பாத்திரமாகவே வாழ வேண்டும். ஆரம்பத்திலேயே அந்தப் பாத்திரத்தை நீங்கள் உருவாக்குவீர்கள். உடல் பலம், கூர்ந்து கவனிக்கும் திறன், தாங்கும் சக்தி, பேச்சுக் கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என ஏழு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். இந்த ஏழின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஸ்பெஷல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் 10 கொடுக்க முடியாது. முதல் கேமில் மொத்தம் 40 புள்ளிகள்தான். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். அறிவை மிகவும் குறைத்தால் உங்கள் பாத்திரத்தால் ஒழுங்காகப் பேசக்கூட முடியாது. பேச்சில் தீர்க்கக்கூடிய வேலைகள் எல்லாம் கைவிட்டுப் போகும்.

உங்கள் முடிவுகளையும் கேம் நினைவில் வைத்திருக்கும். ஃபால்அவுட் 3ல் மெகாடன் என்று ஓர் ஊர். ஊர் நடுவே வெடிக்காத அணுகுண்டு ஒன்று கிடக்கிறது. அதை நீங்கள் செயலிழக்கச் செய்யலாம், அல்லது பணத்துக்காக ஊரையே வெடிக்க வைக்கலாம். வெடித்துவிட்டால் அந்த ஆட்டம் முடியும் வரை அங்கே ஊர் இல்லை. நாளைக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்தாலும் இல்லை. கேமுக்கு இது எப்படி ஞாபகம் இருக்கிறது?

சேவ் ஃபைலுக்குள் என்ன இருக்கிறது?

நண்பருடன் செஸ் ஆடுகிறீர்கள். பாதியில் கரண்ட் போய்விட்டது. நாளை தொடர வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? பலகையைப் படம் வரையத் தேவையில்லை. எந்தக் காய் எந்தக் கட்டத்தில், அடுத்து யார் முறை என்று ஒரு தாளில் குறித்தால் போதும். பலகையும் காய்களும் யார் வீட்டிலும் கிடைக்கும். தாள் தொலைந்தால் அந்த ஆட்டம் தொலைந்தது.

சேவ் ஃபைல் என்பது அந்தத் தாள். ஊரின் படங்கள், ஒலிகள், வசனங்கள் எல்லாம் கேம் ஃபோல்டரில் இருக்கின்றன. அவை பல ஜிபி. சேவ் ஃபைலில் இருப்பது மாறியவை மட்டும்தான். நீங்கள் நிற்கும் இடம், உங்கள் மதிப்பெண்கள், பையில் உள்ள பொருள்கள், யார் உயிரோடு இல்லை, மெகாடன் இருக்கிறதா இல்லையா. ஆகவே அது சில எம்பி அளவில் முடிந்துவிடும்.

பல ஜிபி உள்ள கேமை எப்போது வேண்டுமானாலும் மறுபடி இன்ஸ்டால் செய்யலாம். சில எம்பி உள்ள சேவ் ஃபைலை உலகில் யாராலும் உங்களுக்குத் திருப்பித் தர முடியாது. வேர்டு சாஃப்ட்வேருக்கும் அதில் நீங்கள் டைப் செய்த கடிதத்துக்கும் உள்ள வித்தியாசமும் இதேதான்.

அது எங்கே இருக்கிறது?

1997ல் வந்த முதல் கேம், சேவ்களைத் தன் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொண்டது. அதை டி டிரைவில் போட்டால் சேவும் டி டிரைவில் இருக்கும். ஆனால் ஃபால்அவுட் 3 முதல் இது மாறிவிட்டது. கேமை எந்த டிரைவில் இன்ஸ்டால் செய்தாலும், சேவ் ஃபைல் விண்டோஸின் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டருக்குத்தான் போகும். அந்த ஃபோல்டர் வழக்கமாக சி டிரைவில் இருக்கிறது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். அப்பாவின் கணக்கும் டாக்குமென்ட்ஸில்தான் இருந்தது. ஏனென்றால் சேவ் செய்யும்போது விண்டோஸ் காட்டிய இடத்திலேயே அப்பா ஓகே கொடுத்திருந்தார். நாம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

காப்பி எடுப்பது எப்படி?

1. முதலில் கேமை முழுவதும் மூடிவிடுங்கள்.

2. விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு 'இ' கீயைத் தட்டவும். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும்.

3. டாக்குமென்ட்ஸ், அதற்குள் மை கேம்ஸ், அதற்குள் ஃபால்அவுட்3 என வரிசையாகத் திறக்கவும். நியூ வேகாஸ் என்றால் ஃபால்அவுட்என்வி, நான்காவது கேம் என்றால் ஃபால்அவுட்4 என்று ஃபோல்டர் இருக்கும். டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ் இல்லையென்றால் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் உள்ள டாக்குமென்ட்ஸில் பார்க்கவும். விண்டோஸ் 11ல் பல கம்ப்யூட்டர்களில் அப்படித்தான் அமைந்திருக்கும்.

4. உள்ளே 'சேவ்ஸ்' என்ற ஃபோல்டர் தெரியும். அதை ஒரு முறை கிளிக் செய்து, கன்ட்ரோல் மற்றும் சி கீகளை அழுத்தவும். உள்ளே இருக்கும் துணை ஃபோல்டர்களும் சேர்ந்தே காப்பி ஆகும்.

5. பென் டிரைவைச் செருகி, அதில் அன்றைய தேதியைப் பெயராக வைத்து ஒரு புதிய ஃபோல்டர் உருவாக்கவும். அதைத் திறந்து கன்ட்ரோல் மற்றும் வி கீகளை அழுத்தவும்.

6. பென் டிரைவில் உள்ள ஃபோல்டரைத் திறந்து ஃபைல்கள் வந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டு, முறைப்படி எஜெக்ட் செய்திடவும்.

திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் கேமை இன்ஸ்டால் செய்து ஒரு முறை திறந்து மூடுங்கள். பிறகு பென் டிரைவில் உள்ள சேவ்ஸ் ஃபோல்டரை அதே இடத்தில் பேஸ்ட் செய்தால் போதும்.

"டி டிரைவிலேயே ஒரு காப்பி வைத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். ஒரே பீரோவின் இரண்டு அறைகள் போல. ஃபார்மட் செய்தால் டி தப்பிக்கும். ஹார்ட் டிஸ்க்கே செத்துப்போனால் இரண்டும் போகும். அறிவுரையின் மீதிப் பாதி இதுதான். காப்பி கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஒரே சேவ் போதாது

முதல் ஃபால்அவுட்டில் உங்கள் வால்ட் 13ல் தண்ணீரைச் சுத்தம் செய்யும் சிப் பழுதாகிவிடுகிறது. 150 நாள்களுக்குள் வேறு சிப் கொண்டுவர வேண்டும். வரைபடத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதற்கே நாள்கள் கரையும். ஒரே ஸ்லாட்டில் மாற்றி மாற்றி சேவ் செய்து வந்தவர், 149ஆம் நாள் ஏதோ ஒரு மூலையில் நின்றால் என்ன ஆகும்? சேவ் இருக்கிறது. ஆனால் அது தோற்றுப்போன ஆட்டத்தின் சேவ். அதற்கு முந்தைய நிலை அழிந்துவிட்டது. அந்தக் கேமில் பத்து ஸ்லாட்கள் கொடுத்திருந்தார்கள். பயன்படுத்தியவர்கள் தப்பித்தார்கள்.

ஃபால்அவுட் 3ல் எஃப்5 கீ 'குவிக் சேவ்' செய்யும், எஃப்9 அதைத் திரும்ப எடுக்கும். வசதிதான். ஆனால் ஒவ்வொரு எஃப்5ம் முந்தைய குவிக் சேவின் மேலேயே எழுதும். ஆகவே பெரிய முடிவு எடுக்கும் முன் எஸ்கேப் கீயை அழுத்தி, மெனுவில் புதிய சேவ் ஒன்று போடுங்கள். வேர்டில் 'சேவ்' கொடுத்தால் பழையது அழியும், 'சேவ் ஆஸ்' கொடுத்தால் பழையதும் இருக்கும். இரண்டும் ஒரே சங்கதி.

ஃபால்அவுட் 76 மட்டும் விதிவிலக்கு. உங்கள் பாத்திரம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. உங்களால் காப்பி எடுக்க முடியாது. சர்வர் இருக்கும் வரைதான் அந்தப் பாத்திரமும்.

உருவாக்கியவருக்கே நேர்ந்தது

முதல் ஃபால்அவுட்டை உருவாக்கியவர் டிம் கெய்ன். இன்டர்பிளேயை விட்டு வெளியேறியபோது தன்னிடம் இருந்த கேம் தொடர்பான ஆவணங்களையும் புரோகிராம் நகல்களையும் அழித்துவிடச் சொன்னார்கள் என்றும், தானும் அழித்துவிட்டதாகவும் பின்னாளில் அவர் கூறினார். மூல புரோகிராம் தொலைந்துவிட்டது என்றே ரசிகர்கள் வருந்தினார்கள். 2025ல் ரெபெக்கா ஹைன்மன் அதற்கு மறுப்புச் சொன்னார். இவர் இன்டர்பிளேயைத் தொடங்கிய நால்வரில் ஒருவர். நிறுவனத்தின் பழைய கேம்கள் பலவற்றின் மூலம் தொலைந்து கிடந்ததைப் பார்த்த பிறகு, தன் கைக்கு வந்த எல்லாவற்றையும் சிடியில் பதிந்து வைக்கும் பழக்கம் தனக்கு ஏற்பட்டது என்றார். முதல் இரண்டு ஃபால்அவுட்களின் மூலமும் அப்படியே தப்பித்திருந்தது. அவர் 2025 நவம்பரில் காலமானார்.

இப்போது என் மேஜை டிராயரில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை முழுவதும் அதில் காப்பி எடுக்கிறேன். அப்பாவின் கணக்கு அதில் இருக்கிறது. நோட்டையும் அவர் இன்னும் விடவில்லை. அதுவும் ஒரு காப்பிதானே!

நீங்கள் கேம் விளையாடாதவராக இருந்தாலும் சரி, இன்றே டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அதில் இருக்கும் எந்த ஃபைலை மறுபடி எங்கிருந்தும் வாங்க முடியாது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பட்டியலில் ஒன்று இருந்தாலும் பென் டிரைவைத் தேடி எடுங்கள்.