கால்நடைக் கண்காட்சிக்குப் போகுமுன்

கோடையில் சென்-இயசாந்த் விவசாயக் கண்காட்சிக்குப் பிள்ளைகளுடன் போகிறீர்களா? ஊரில் மாட்டுப்பட்டியோடு வளர்ந்த எமக்கும் அந்த மணம் பிடிக்கும். கியூபெக்கில் மாடுகளுக்குக் காதில் அடையாள இலக்கம் 2002 முதல் கட்டாயம். நோய் வந்தால் எந்தப் பண்ணை மாடு என்று அதைக்கொண்டு அறியலாம். நோயுற்ற மிருகங்களைக் கண்காட்சிக்குக் கொண்டுவரக்கூடாது.

ஆனால் ஈ.கோலை ஓ157 என்னும் கிருமி மாடு, ஆடுகளின் குடலில் இருந்தாலும் அவை நல்ல சுகமாகவே நிற்கும். மிருக வைத்தியர் பார்த்தாலும் தெரியாது. 2004இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கண்காட்சியில் ஆடுகளைத் தொட்டு விளையாடும் இடத்திலிருந்து 100 பேருக்கு மேல் இக்கிருமி தொற்றியது. 15 பேருக்குச் சிறுநீரகம் வரை பாதிப்பு.

நாமோ கையால் சாப்பிடுபவர்கள். கட்டுச்சோற்றைத் தொழுவத்துக்குப் பக்கத்தில் பிரிக்க வேண்டாம். குழந்தையின் சூப்பியையும் பால்போத்தலையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். வெளியே வந்ததும் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் கைகழுவுங்கள். அழுக்குப் படிந்த கைக்கு ஜெல் போதாது.

அடுத்த பத்து நாட்களுக்குள் பிள்ளைக்கு இரத்தத்துடன் வயிற்றோட்டம் கண்டால், அதை நிறுத்தும் மாத்திரையோ வீட்டில் மிஞ்சிய அன்ரிபயோட்டிக்கோ கொடுக்காதீர்கள். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர் குறைந்தாலோ பிள்ளை வெளிறிச் சோர்ந்தாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே, கண்காட்சியில் மிருகங்களைத் தொட்டதையும் மறக்காமல் சொல்லுங்கள். நாம் கேட்காவிட்டால் பலர் சொல்வதில்லை.