எழுதிக் கற்றல்

கல்வியாவது கேட்டலோடும் படித்தலோடும் முடிவதன்று. கற்றதைப் பிறர்க்கு விளங்க எழுதப் புகுங்காலையே நம் அறிவின் குறை நமக்குப் புலனாகும். கணினிக்கு நிரல் எழுதும் கலையிலும் இஃது உண்மையென்பதை அமெரிக்கப் பேரறிஞர் டொனால்டு கனூத் என்பாரது வரலாற்றால் அறிகிறோம்.

1962இல் அவர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கணிதம் பயின்ற ஆராய்ச்சி மாணாக்கர். கம்பைலர் என்னும் மொழிமாற்று நிரல்களைப் பற்றி ஒரு நூல் எழுதுமாறு பதிப்பாளர் வேண்ட, அவர் இசைந்தார். ஒன்றை விளக்குதற்கு அதன் அடிப்படையான மற்றொன்றையும் விளக்க நேர்ந்தமையால், 1965இல் கையெழுத்துப்படி ஏறத்தாழ 3,000 பக்கமாக வளர்ந்தது. முதற்பாகம் 1968இல் வெளிவந்தது. அப்பெருநூல் இன்னும் முற்றுப்பெற்றிலது.

அவர்பால் நாம் பெரிதும் போற்றத்தக்கது ஒன்றுண்டு. தம் நூலிற் பிழையொன்றை முதலிற் கண்டு தெரிவிப்பார்க்கு 2.56 டாலர் பரிசென்று அறிவித்தார். நிரலில் ஒரு குறி பிறழினும் விடை பிழைபடும். நிரலை விளக்கும் கட்டுரையில் ஒரு சொல் பிறழின் கற்போர் பலரும் வழுவுவர் அன்றோ?

ஆதலின், முழுதுங் கற்றபின் எழுதுவோமென்று மாணாக்கராகிய நாம் காத்திருத்தல் வேண்டா. சிறு நிரலொன்றை எழுதி, இயக்கிச் சோதித்து, அதனைப் பிறர்க்கு விளக்கி எழுதுவோமாக. அதிற் பிழை காட்டுவோரை நன்றியுடன் ஏற்போமாக.