தோக்கா மரமும் அதன் பெயரும்

பிறந்த நாட்டை விட்டு அயல்நாட்டில் வாழ்வார்க்கு, அந்நாட்டினர் நாள்தோறும் கண்டு பழகிய பொருளும் புதுமையாய்த் தோன்றும். அப்புதுமையால் உலகம் பெற்ற நன்மை பெரிது. ஆயினும், அவ்வாறு காண்பதனைக் கண்டுபிடித்தல் என்று கூறுதல் பொருந்துமோ என்பதை ஒரு மரத்தின் வரலாறு கொண்டு ஆராய்வாம்.

நத்தானியேல் வாலிக் என்பவர் 1786-இல் டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனிற் பிறந்தவர். 1807-இல் வங்காளத்துச் செராம்பூரை அடைந்து, அங்கிருந்த டேனியக் குடியேற்றத்தில் வைத்தியராய் அமர்ந்தார். பின்னர்க் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவரானார். செராம்பூரில் மிஷனெரியாய் உழைத்த வில்லியம் கேரி ஐயரும் மரஞ்செடிகளிற் பேரன்பு பூண்டவர். ராக்ஸ்பரோ எழுதிவைத்த இந்தியத் தாவர நூலை 1820-இல் கேரி ஐயர் அச்சேற்றியபோது, வாலிக் தாம் கண்ட செடிகளின் குறிப்புக்களையும் அதிற் சேர்த்து உதவினார்.

முதல் ஆங்கில பர்மியப் போர் 1826-இல் முடிவுற்றது. அதன்பின் தேக்குக் காடுகளைப் பார்வையிடும்பொருட்டு வாலிக் பர்மாவிற்கு அனுப்பப்பட்டார். 1827-இல், சால்வீன் ஆற்றங்கரைப் பகுதியிலுள்ள கோகுன் குகைக்கு அண்மையில், பாழடைந்த மடமொன்றின் தோட்டத்தில் இரண்டு மரங்கள் பூத்து நிற்கக் கண்டார். செந்நிறப் பூக்கள் நீண்ட சரங்களாய்க் கீழ்நோக்கித் தொங்கின. இதழ் நுனிகளில் மஞ்சள் நிறம் பொலிந்தது. இம்மரத்தின் இளந்தளிர்கள் வாடியன போலத் துவண்டு தொங்கிப் பின்னரே பசுமையும் உறுதியும் பெறும். அவரையும் கொன்றையும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது இது.

அக்காலத்துக் கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்டு பிரபுவின் மனைவியாரும் மகளாரும் தாவர நூலில் ஈடுபாடுடையராதலின், வாலிக் இம்மரத்திற்கு 'ஆம்ஹர்ஸ்டியா நோபிலிஸ்' என்று பெயரிட்டு, வண்ணப்படத்துடன் 1830-இல் வெளியிட்டார். அதுகண்ட ஆங்கிலச் செல்வர்க்கு ஆசை பெருகிற்று. டெவன்ஷயர் பிரபு தம் தோட்டக்காரர் ஒருவரைக் கல்கத்தாவுக்கே அனுப்பி, 1837-இல் ஒரு கன்றைச் சாட்ஸ்வொர்த்துக்கு வருவித்தார். எனினும், அந்நாட்டில் முதன்முதல் அது பூத்தது 1849-இல், ஈலிங்கிலிருந்த லாரன்ஸ் அம்மையாரின் கண்ணாடி மனையிலேயாம்.

இனி, கோகுன் ஊராரை நோக்குவோம். வாலிக் வருமுன்னரே அவர்கள் அம்மலர்களைக் கைந்நிறையப் பறித்துக் குகையிலுள்ள புத்தர் திருவுருவங்களின் முன் படைத்து வந்தனர். அம்மரத்தை மடத்துத் தோட்டத்தில் வளர்த்தவரும் அந்நாட்டவரே. பர்மியர் அதனைத் 'தோக்கா' என்பர். அசோகம் என்னும் சொல்லின் திரிபு அது. நம் பழம்புலவர் பிண்டி என்றும் செயலை என்றும் பாடிய அசோகுக்கும் இம்மரத்திற்கும் உறவுண்மை, இலத்தீன் பெயரினும் அவ்வூர்ப் பெயராலேயே நன்கு விளங்குகின்றது.

ஆகவே, வாலிக் செய்தது அறிமுகம் என்க. அவர் எழுதிவைத்திராவிடின் பிறநாட்டார் இதனை அத்துணை விரைவில் அறிந்திரார். அத்தொண்டை நாம் குறைத்தல் ஆகாது. விலங்குகட்குப் பெயரிடும் உரிமையை ஆண்டவர் ஆதாமுக்கு அளித்தார் என வேதம் கூறும். அவ்வுரிமை ஆதாமின் மக்கள் அனைவர்க்கும் பொதுவன்றோ?

மாணவ நண்பர்காள்! இலையும் பூவும் உலர்த்தித் தாளில் ஒட்டுங்கால், இலத்தீன் பெயரருகே ஆடு மேய்ப்பாரும் மருந்திடிக்கும் பாட்டிமாரும் வழங்கும் பெயரையும் கேட்டெழுதுவோமாக. அவர்கள் மறையின் அப்பெயர்களும் உடன் மறையும்.